ஆபீசர் வீட்டு இறால்

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் ஒரு மாதமாக எல்லோரும் கோடை லீவுக் கதைகளாக எழுதித் தள்ளுகிறீர்கள். முந்திரிக்கொட்டை சுட்டுக் கை வெந்தது, பலாச்சுளைக்கு அடித்துக்கொண்டது, கம்பெனி பஸ்ஸில் சும்மா ஏறிச் சுற்றி வந்தது. படித்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ஒருத்தி, "நீ மட்டும் ஏன்டி வாயில கொழுக்கட்டைய வச்சிக்கினு இருக்க?" என்று கேட்டுவிட்டாள். வாயைத் திறந்தால் வீட்டு மானம் போகுமே என்றுதான் இருந்தேன். அதைக் காப்பாற்ற வேண்டியவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி எனக்கென்ன, கேட்டுக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் மகன் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. உள்ளே சிவப்புச் சிவப்பாகக் குட்டி இறால்கள். விளக்கு, குமிழி விடும் மோட்டார், அடியில் கறுப்பு மணல், பெரிய ஜபர்தஸ்துதான். மருமகள் பெருமையாக, "உங்க காலத்துல இதெல்லாம் ஏது அத்தை?" என்றாள். "ஏன் இல்லாம? எங்க குவாட்டர்ஸ்ல நடுவீட்டுல இருந்துச்சு" என்றேன். அவள் நம்பவில்லை. கிழவி அளக்கிறாள் என்று நினைத்திருப்பாள். நான் மேற்கொண்டு பேசவில்லை. பேசினால் அவளிடம் என் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டி வரும்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அப்பா சுரங்கத்தில் பெல்ட் ஆபரேட்டர், பர்மனென்ட். அவருக்குச் சேலம் பக்கம். அம்மாவுக்கு வடலூர் தாண்டி ஒரு ஊர். அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, எங்களோடு குவாட்டர்ஸில் தங்கி கான்ட்ராக்டில் வேலை பார்த்தார். பழுப்புக் கரியைச் சுமந்து ஓடுகிற பெல்ட்டிலிருந்து கீழே சிந்துவதை அள்ளிப் போடுகிற வேலை. மூக்கு, காது, புருவம் எல்லாம் பழுப்பாக வருவார். குளித்துவிட்டு வந்தால்தான் அவருக்கு முகம் இருப்பதே தெரியும். அவரை எப்படியாவது பர்மனென்ட் ஆக்கிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே பேச்சு. மாமாவுக்கு ஆர்டர் வருகிறவரை வீட்டில் கவுச்சி கிடையாது என்று அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு விரதம் இருந்தாள். அவள் இருந்தால் போதாதா? எங்கள் மூன்று பேரையும் சேர்த்து இருக்க வைத்தாள்.

அப்பாவின் செக்‌ஷனுக்கு ஒரு ஆபீசர். அவருக்கு மீன், செடி, குருவி என்று எதையாவது வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுரங்கத்து ஊற்றுத் தண்ணீரை இறைத்து விடுகிற வாய்க்காலில் சின்னச் சின்ன இறால் இருப்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, "யாராச்சும் உயிரோட பிடிச்சுக் குடுப்பீங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறார். மாமா தலைத்துண்டை அவிழ்த்து, இறங்கி, அரித்துக் கொடுத்திருக்கிறார். அப்படித்தான் அந்த இறால்கள் ஆபீசர் பங்களாவுக்குப் போயின. நம் ஆட்கள் இறாலைச் சட்டியில் பார்த்திருக்கிறோம், தொட்டியில் வைத்துப் பார்ப்பார்களா யாராவது? செக்‌ஷன் முழுக்க இதுவே சிரிப்பாக இருந்ததாம்.

கோடை லீவு விட்டதும் ஆபீசர் குடும்பத்தோடு வடக்கே ஊர் சுற்றக் கிளம்பினார். தொட்டியை எங்கே விடுவது? ஒரு சாயங்காலம் கம்பெனி ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. பிளாக்கே வேடிக்கை பார்த்தது. அப்பாவும் டிரைவருமாகத் தொட்டியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மாவின் கல்யாண டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தார்கள். ஓரமெல்லாம் இரும்புச் சட்டம், மூலையில் கறுப்பு மெழுகு, பாதி தண்ணீர், அதில் மணலும் கல்லும் வேலம்பாசியும். ஆபீசர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம்: சோறு போடாதே, வெந்த கீரைத்தண்டு ஒரு துண்டு போதும், குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதே, மருந்து வாடை போகட்டும், சும்மா சும்மா கையை விட்டுக் கலக்காதே.

ஜீப் போனதும் அப்பா வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"இது எறால் இல்ல. மச்சானோட ஆர்டர். இதுல ஒண்ணு செத்தாலும் ஆபீசர் மூஞ்சில நான் முழிக்க முடியாது. தெரிஞ்சுதா?"

அப்பா தன்னை நம்பித்தான் ஆபீசர் தொட்டியைக் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் அதில் சந்தேகம் இல்லை.

அந்த இறால்களை நான் பார்த்த மாதிரி எந்தப் பொம்மையையும் பார்த்ததில்லை. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் கிடப்பேன். முதலில் ஒன்றுமே தெரியாது, வெறும் தண்ணீரும் பாசியும்தான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கறுப்புப் புள்ளிகள் நகரும். அது கண். பிறகு மீசை. பிறகு உடம்பு, அதற்குள் ஒரு பழுப்புக் கோடு, அது தின்ற கீரை. முன்னங்கால்களால் எதையோ எடுத்து எடுத்து வாயில் வைத்துக்கொண்டே இருக்கும், ஒரு நிமிஷம் சும்மா இராது. திடீரென்று ஒரு சுண்டு சுண்டிப் பின்னால் பாயும். பாய்ந்த இடத்தில் மறுபடி ஒன்றும் தெரியாது. எத்தனை இருக்கிறது என்று எண்ண முயன்று தோற்றுப்போனேன்.

மாமாவுக்கும் அந்தத் தொட்டியை விட்டு நகர மனம் வராது. வேலை விட்டு வரும்போது சைக்கிள் கேரியரில் ஒரு கேன் நிறைய வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருவார். டீக்கடைக்காரர் மாதிரி சொம்பிலிருந்து சொம்புக்கு உயர்த்தி ஆற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் விடுவார்.

"குழாத் தண்ணிய ரெண்டு நாள் வச்சு ஊத்துனா போதும்னு ஆபீசர் சொல்லியிருக்கார். உனக்கேன் இந்த வேலை?" என்பார் அப்பா.

"அதுங்க பொறந்த தண்ணி இதுதான மாமா. இருந்துட்டுப் போவுது" என்பார் மாமா. அக்கா புருஷனை மாமா என்றுதான் அவர்கள் ஊரில் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் மாமா, அவருக்கு என் அப்பா மாமா.

மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துவிட்டு, தொட்டியைப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டார். "அக்கா, எறா தொட்டி வச்ச வூட்டுல பீர்க்கங்கா கொழம்பு ஊத்துறியே, ஞாயமா இது? ஒரு கை அள்ளி, வெங்காயம் நறுக்கிப் போட்டு, மொளவுத்தூள் தூவி வதக்குனா எப்படி இருக்கும்?"

"வாயக் கழுவுடா! வெரத வூட்டுல ஒக்காந்துக்கினு பேசற பேச்சா இது?" என்று அம்மா கரண்டியை ஓங்கினாள். அப்பாகூடச் சிரித்தார். நான் சிரித்துப் புரைக்கேறியது. அவ்வளவுதான், அன்றோடு அதை எல்லோரும் மறந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. நம் குவாட்டர்ஸ் கூரை மத்தியானத்தில் எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டித் தண்ணீர் தொட்டால் வெதுவெதுவென்று இருந்தது. மாமா ஒருநாள் வேலை விட்டு வந்ததும் வராததுமாக, "பாவம், வெந்துடும்" என்று சொல்லிவிட்டுப் பாதித் தண்ணீரை மொண்டு கொட்டினார். இரண்டு நடை சைக்கிளில் போய்க் குளிர்ந்த வாய்க்கால் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார். பாசியை அலசி வைத்தார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், அப்பா ஷிப்டில் இருந்தார். நான் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தேன், இதெல்லாம் பின்னாளில் மாமா சொல்லித் தெரிந்ததுதான்.

மறுநாள் மத்தியானம் அப்பா முதல் ஷிப்ட் முடிந்து வந்தார். வழக்கம்போல் செருப்பைக் கழற்றும் முன்பே தொட்டியின் மேல் போர்த்தியிருந்த பழைய புடவைத் துணியை விலக்கினார்.

"ஏய், இங்க வா" என்றார். அந்தக் குரலில் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

இறால் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அடி மணலில் வெள்ளை வெள்ளையாகத் தோல் கிடந்தது. பூண்டுத் தோல் மாதிரி மெல்லிசு. தலை இருந்தது, மீசை இருந்தது, கால்கள் வரிசையாக இருந்தன, வாலும் இருந்தது. உள்ளேதான் ஒன்றும் இல்லை. அம்மா தட்டுக்கரண்டியால் ஒன்றை மெதுவாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன் கடலூர்ச் சந்தை இறாலைக் கூடை கூடையாக உரித்த கை அது. எங்கள் வீட்டில் இறால் தோலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவளைவிட யாருக்குத் தகுதி?

"உரிச்ச தோலுங்க இது" என்றாள். "சதைய மட்டும் எடுத்துக்கினு ஓட்ட விட்டுருக்குது."

"யாரு உரிப்பா இங்க?"

அம்மா தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவள்தான் சொன்னாள், அப்பா இல்லை. இதை நான் மாற்றிச் சொல்ல முடியாது. "அன்னிக்கே சொன்னானே, வதக்கித் தின்னா எப்படி இருக்கும்னு. நேத்து நான் கோயிலுக்குப் போன நேரம் பாத்து அடுப்படிக்குப் போயிருக்கான் பாவி. வெரத வூடாச்சே! அவனுக்காகத்தானே நான் வாயக் கட்டிக்கினு கெடக்கறேன்!"

இன்றைக்கு யோசித்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கூசவும் செய்கிறது. திருடித் தின்றவன் தோலைக் கொண்டுவந்து தொட்டியிலா போட்டு வைப்பான்? தலையைக்கூடக் கிள்ளாமல் அத்தனை சுத்தமாக எவன் இறால் உரிப்பான்? பாசியை விலக்கிப் பார்க்கலாமே? ஒருவருக்கும் தோன்றவில்லை. கையை விடக்கூடாது என்று ஆபீசர் சொன்ன ஒரு வார்த்தைக்காக அப்பா பாசியைத் தொடக்கூட இல்லை. தொட்டியைத் தொடப் பயந்தவர் மனிதனைத் தொடப் பயப்படவில்லை.

மாமா கேனோடு உள்ளே வந்தார். அப்பா, "எறால் எங்கடா?" என்றார்.

எப்போதும்போல் விளையாட்டு என்று நினைத்துவிட்டார் மாமா. "தின்னுட்டேன் மாமா. உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றார். சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். கேனைக் கீழே வைத்தார்.

"அய்ய, வெளையாட்டுக்குச் சொன்னேன். இன்னா ஆச்சு? உள்ளதான் இருக்கும், பாசிக்குள்ள பூந்துக்கினு இருக்கும், இருங்க..." என்று தொட்டிக்குள் கையை விடப் போனார். அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிடித்த கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"கவுச்சி அடிக்குது."

"தெனம் தொட்டியில கைய விட்டா அடிக்காம? நேத்து பாசிய அலசுனேன் மாமா."

"என் மூஞ்சிலயே கரியப் பூசிட்டியேடா. உனக்காகத்தான் அந்த ஆள் முன்னாடி பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன். உனக்கு நாக்கு அடங்கல."

"சத்தியமா நான் தொடல மாமா."

"வாய்ச் சத்தியம் யாருக்கு வேணும்? கற்பூரம் ஏத்தி அணை."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் டவுன்ஷிப்பில் ஜில்லாவுக்கு ஜில்லா ஆட்கள் வந்து சேர்ந்தோம். குழம்பு வேறு, தாலி வேறு, சத்தியமும் வேறுதான் போலிருக்கிறது. அப்பா ஊரில் கற்பூரத்தை அணைத்துவிட்டால் அதோடு வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைப் பேசக்கூடாது, கையைக் கழுவிக்கொண்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். அப்பா தன் கணக்கில் மாமாவுக்கு ஒரு வழிதான் விட்டார். ஆனால் அம்மா ஊரில் அப்படி இல்லை. யார் முன்னால் கற்பூரத்தை அணைக்கிறோமோ அவர்கள் கையால் அதற்குப் பிறகு கை நனைக்கக் கூடாது. பேசலாம், வரலாம், போகலாம், சீர்கூடச் செய்யலாம். ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் கிடையாது, சாகிறவரைக்கும்.

மாமா அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். "அக்கா, மாமாவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல? நீ சொல்லு, வேணாம்னு."

அம்மாவுக்குத் தெரியும். அவள் நின்ற நிலையிலேயே அது தெரிந்தது. சாமி மாடத்துக்குப் போய்ப் பித்தளைத் தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு வந்து, மாமாவின் முன்னால் தரையில் வைத்தாள்.

"தப்பு பண்ணலன்னா அணைக்கறதுக்கு இன்னாடா பயம்?" என்றாள்.

மாமா தட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். தீக்குச்சியை அவரே கிழித்தார். கற்பூரம் பிடித்து எரிந்தது. "நான் தின்னல" என்று சொல்லி உள்ளங்கையால் அழுத்தி அணைத்தார். வீடெல்லாம் புகையும் வாடையும். அம்மா அவருக்காக எடுத்து வைத்திருந்த சோற்றுத் தட்டு சுவரோரம் மூடி இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் பையை எடுத்தார். வாசலில் என்னிடம் குனிந்து, "பாப்பா, அந்தக் கீரத்தண்ட நாளைக்கு எடுத்துடு. அழுவுனா தண்ணி கெட்டுடும்" என்றார். சைக்கிள் ஏறிப் போய்விட்டார்.

அப்பா, "அணைச்சுட்டான்ல, முடிஞ்சுது. ராத்திரிக்கு வந்துடுவான்" என்றார். அம்மா அடுக்களைக்குப் போனாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்திருந்தது.

இரண்டு நாளில் இறால்கள் வெளியே வந்துவிட்டன. நான்தான் முதலில் பார்த்தேன். பாசிக்குள்ளிருந்து ஒன்று, கல்லுக்குப் பின்னாலிருந்து ஒன்று, பிறகு கூட்டமாக. முன்பைவிடப் பளபளவென்று, கொஞ்சம் பெரிதாகக்கூட. "அம்மா! எறா இருக்குது!" என்று கத்தினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "புதுசா குஞ்சு பொரிச்சிருக்கு" என்றார்.

பொரித்த இரண்டு நாளில் மீசை வளர்ந்த குஞ்சு! ஆனால் அப்பா அதையே பிடித்துக்கொண்டார். அக்கம்பக்கத்துக்கும் அதையே சொன்னார். பாவம், வேறு எதைச் சொல்வார்.

ஜூன் பிறந்து ஆபீசர் திரும்பினார். ஜீப்போடு அவரே வந்தார். தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சின்னப் பையன் மாதிரி சந்தோஷப்பட்டார். "அடடே, நல்லா வளந்திருக்கே! சட்டை உரிச்சிருக்குமே. தோலெல்லாம் கிடந்துதா? புதுத் தண்ணி விட்டா உடனே உரிக்கும். உரிச்சதும் உடம்பு மெத்துனு இருக்கும்ல, யாரும் தின்னுடுவாங்கன்னு பயந்து ரெண்டு நாள் ஒளிஞ்சுக்கும். நான் மொத தடவை பாத்துட்டு எல்லாம் போச்சுன்னு நெனச்சேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பில் யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த மனிதர் தொட்டியைத் தட்டிக்கொண்டே, "எங்க உன் மச்சான்? அவன் உங்க வீட்டுல இருக்கான்னுதான் நான் தைரியமா விட்டுட்டுப் போனேன். வாய்க்கால் தண்ணிதான் ஊத்துவேன் சார்னு சொல்லியிருந்தான்" என்றார்.

"ஊருக்குப் போயிருக்கான் சார்" என்றார் அப்பா.

அப்பா அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. மாமாவின் வேலையைப் பற்றியும் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஆபீசர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அதெல்லாம் என் கையில இல்லப்பா. நான் சொல்லி நடக்கறதா இருந்தா எப்பவோ பண்ணியிருப்பேனே" என்றார். ஜீப் கிளம்பிப் போனது. டிரங்குப் பெட்டியின் மேல் சதுரமாக ஈரத் தடம் இருந்தது.

அன்று சாயங்காலமே அம்மா ஊருக்குப் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. மாமா முகம் சுளிக்கவில்லை. பாய் விரித்தார், எனக்கு நுங்கு சீவிக் கொடுத்தார். அம்மா அழுது தீர்த்தாள். "தெரியாம பண்ணிட்டேன்டா" என்றாள்.

"மாமாதான் தெரியாம பண்ணாரு. நீ தெரிஞ்சிதான் பண்ண" என்றார் மாமா. கோபமில்லாமல்தான் சொன்னார். "வுடு. நான் ஒண்ணும் வெச்சிக்கல மனசுல. ஆனா அணைச்சது அணைச்சதுதான்க்கா."

சொன்னபடி நடந்துகொண்டார். நான் பெரியவளானபோது தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து, மாலை போட்டு, ஒரு குறை வைக்காமல் செய்தார். பந்தியில் இலை போட்டதும் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அந்த வெயிலில் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிளாக்கே பார்த்தது. அப்பா வெளியே போய், "வாய்யா, சாப்பிடு" என்று அதட்டினார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் அதட்டத்தானே செய்வார்கள். "இருக்கட்டும் மாமா, நீங்க பாருங்க" என்று மாமா சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பட்டுப்பாவாடையோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. மாமாவுக்குப் பர்மனென்ட் கடைசிவரை வரவில்லை. ஊரிலிருந்தே சைக்கிளில் வந்து கான்ட்ராக்ட் வேலையே செய்தார்.

அதற்கப்புறம்தான் அம்மா மாதாமாதம் பூசத்துக்கு வடலூர் போக ஆரம்பித்தாள். "பக்தி முத்திடுச்சு" என்று அப்பா சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் கூடப் போவேன், எனக்குத் தெரியும். சபையில் கும்பிட்டுவிட்டு நேராகத் தருமச்சாலைக்குப் போவாள். அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுவார்கள். சாமியார், பிச்சைக்காரர், ஆதரவில்லாத கிழவர், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். மாமா முன்னாலேயே வந்து இடம் பிடித்து வைத்திருப்பார். அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அது யார் வீடும் இல்லை, யார் கைச் சோறும் இல்லை. ஷிப்ட் அலவன்ஸும் குவாட்டர்ஸும் உள்ள வீட்டு அம்மாள் தம்பியோடு ஒருவேளை சாப்பிட அந்த வரிசைக்குப் போக வேண்டியிருந்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் தூணுக்குப் பின்னால் உட்காருவேன். உங்களில் ஒருத்தி ஒருதரம் பார்த்தாள். "பிரசாதம்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவாட்டர்ஸைக் காலி செய்து, நகரியத்துக்கு வெளியே சொந்த வீடு கட்டினோம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அப்பா, ரொம்ப நாளாக யோசித்து வைத்தவர் மாதிரி அம்மாவிடம் சொன்னார். "அந்த வீடு கம்பெனியோடது. அதுல நடந்தது அதோட போச்சு. கிரகப்பிரவேசத்துக்கு உன் தம்பிய வந்து சாப்பிடச் சொல்லு."

அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. மாமா கிரகப்பிரவேசத்துக்கு விடியும் முன்பே வந்தார், குத்துவிளக்கோடு. தலைவாழை இலை போட்டு அப்பாவே அவர் கையைப் பிடித்து அழைத்தார். கம்பெனி வீடு, சொந்த வீடு என்ற நியாயத்தையும் சொன்னார். மாமா பொறுமையாகக் கேட்டார்.

"வூடு கம்பெனிதுதான் மாமா. ஆனா கற்பூரத்தக் கொண்டாந்து வச்சது கம்பெனி இல்லீங்களே" என்றார்.

அம்மா அடுக்களையில் இருந்தாள். கேட்டிருப்பாள். அந்த இலையை யாரும் எடுக்கவில்லை, சாயங்காலம்வரை அப்படியே காய்ந்து கிடந்தது. அப்பாவும் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த பூசத்துக்கு அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "நீங்க எங்க?" என்றாள் அம்மா. "நீ போற எடத்துக்குத்தான். இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார். பஸ்ஸில் எங்கள் மூன்று பேருக்கும் அப்பாவே டிக்கெட் எடுத்தார்.

தருமச்சாலையில் வரிசை நிரம்பியிருந்தது. மாமா அப்பாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். அப்பா அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். பின்னாளில் ஃபோர்மேனாகி எத்தனையோ பேருக்கு ஷிப்டில் உத்தரவு போட்ட மனிதர், மூட்டு வலியோடு, அழுக்கு வேட்டிக் கிழவர் ஒருவருக்கும் மாமாவுக்கும் நடுவே சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தரையில் இறங்கினார். மாமா நகர்ந்து இடம் விட்டார். தட்டு வந்தது, சோறு வந்தது. அப்பா நிமிரவே இல்லை, தலையைக் குனிந்துகொண்டே பிசைந்தார்.

பரிமாறுகிறவர் இரண்டாம் தரம் வாளியோடு வந்தார். அப்பா அவரை நிறுத்தினார். மாமாவின் தட்டைக் காட்டினார்.

"மச்சானுக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார்.

மாமா தட்டைக் கையால் மறைக்கவில்லை.